தண்டவாள ஓரத்து மஞ்சள் பூ

கேள்வி: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். ரயில் பாதையோரப் புல்வெளியில், என்னைவிட உயரமான செடி ஒன்று ஜூலைக் கடைசியில் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அடியிலைகள் ஆழமாகப் பிளவுபட்டு, முழ நீளத்தில் செங்குத்தாக நிற்கின்றன. மகள் இதைக் காட்டுச் சூரியகாந்தி என்கிறாள். சரிதானா? ஊருக்கு எடுத்துவர முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: குடும்பம் சூரியகாந்தியினுடையதுதான், செடி வேறு. பூவைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். நீங்கள் இலையைக் கவனித்து எழுதியதால்தான் இதை அடையாளம் காண முடிகிறது. கறிப்பலா இலையைப் போலப் பிளவுபட்டு, சொரசொரப்பாக நிமிர்ந்து நிற்கும் அடியிலை, வட அமெரிக்கப் பிரெய்ரி புல்வெளிக்கே உரிய ‘காம்பஸ் பிளான்ட்’ (திசைகாட்டிச் செடி) என்னும் பல்லாண்டுச் செடியினுடையது. தாவரவியலில் இதற்குச் சில்பியம் லசினியேட்டம் என்று பெயர்.

உறுதி செய்துகொள்ள, நல்ல வெயிலில் நிற்கும் செடியருகே கைப்பேசியின் திசைகாட்டியைப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான அடியிலைகளின் விளிம்புகள் வடக்கு தெற்காகவும், பரப்புகள் கிழக்கையும் மேற்கையும் பார்த்தும் இருக்கும். காலை, மாலை வெயிலை முழுப் பரப்பிலும் வாங்கிக்கொண்டு, உச்சிவெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டுவதால் இலை அதிகம் சூடேறுவதில்லை, நீரும் வீணாவதில்லை. நிழலில் வளர்ந்த செடியில் இந்த ஒழுங்கு அவ்வளவாகத் தெரியாது.

பூ வாடியபின் இன்னொரு சோதனை உண்டு. சூரியகாந்தியில் விதை பிடிப்பது நடுவட்டில். இதிலோ நடுவட்டில் நெருங்கியிருக்கும் சிறுபூக்கள் மலடு, ஓரத்தில் இதழ் போலத் தெரியும் சிறுபூக்களின் அடியில்தான் விதை பிடிக்கும். தண்டில் வெண்ணிற முரட்டு ரோமங்களும், மேல்பகுதியில் கசிந்து உறைந்த பிசினும் இருக்கும். அந்தப் பிசினைப் பூர்வகுடிச் சிறுவர்கள் சூயிங்கம் போல மென்றதுண்டு. இதன் நெருங்கிய உறவான ‘கப் பிளான்ட்’டும் அதே பருவத்தில் பூக்கும், ஆனால் அதன் தண்டு சதுரம், எதிரெதிர் இலைகள் தண்டைச் சுற்றி ஒட்டிக் கிண்ணமாகி மழைநீரைத் தேக்கும்.

தோண்டி எடுக்க வேண்டாம். ஆணிவேர் மிக ஆழமாக இறங்கியிருக்கும். அறுத்தெடுத்தால் பிழைப்பது அரிது. உழவுக்குத் தப்பிய பழைய பிரெய்ரித் துண்டுகள், இப்படித் தண்டவாள ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும்தான் எஞ்சியிருக்கின்றன. விதையைக்கூட இந்திய இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. முளைத்தாலும் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். கடுங்குளிர்காலம் உள்ள நிலத்துச் செடி இது, மதுரை வெயிலுக்கு ஏற்றதன்று.