ஸ்கேன் படத்தைப் படிப்பவர் யார்? ஒரு ரேடியாலஜிஸ்ட்டின் பதில்கள்

இருபது ஆண்டுகளாக எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதே என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒருவருடைய படத்தை நேரில் பார்க்காமல் அவருடைய நோயைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையன்று என்பதால் அத்தகைய கேள்விகளை மட்டும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்கேன் முடிந்ததும் என்ன தெரிகிறது என்று படம் எடுத்தவரிடம் கேட்டேன். "ரிப்போர்ட்டில் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்குத் தெரியாதா, மறைக்கிறாரா?

பதில்: அவர் எதையும் மறைக்கவில்லை. உங்களைப் படுக்கவைத்துப் படம் எடுத்தவர் டெக்னீஷியன். எப்போது மூச்சை அடக்கச் சொல்வது, உடலை எப்படித் திருப்பி வைப்பது என்பதெல்லாம் அவருடைய கைத்திறன். அது பிசகினால் நாங்கள் படத்தைப் படிப்பது ஒன்றுக்கும் உதவாது. படத்தைப் படித்து அறிக்கையில் கையெழுத்திடுபவர் ரேடியாலஜிஸ்ட், அதாவது மருத்துவப் படிப்பை முடித்த பின் இத்துறையில் மேலும் சில ஆண்டுகள் பயிற்சி பெற்ற மருத்துவர். அனுபவமுள்ள டெக்னீஷியனின் கண்ணில் பல விஷயங்கள் படும் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆயினும், அவசரமாகச் சொன்ன ஒரு சொல் பின்னர் தவறென்று தெரியவந்தால், அதுவரை அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு திரியப்போகிறவர் நீங்கள்தான்.

கேள்வி: இப்போதெல்லாம் மூளைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், மார்பகத்துக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர் என்று தனித்தனி ரேடியாலஜிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். இது உண்மையிலேயே தேவையா, ஐயா?

பதில்: எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. சாதாரண நிமோனியாவையோ சிறுநீரகக் கல்லையோ பொது ரேடியாலஜிஸ்ட் எவரும் நன்றாகவே கண்டுபிடித்துவிடுவார். எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் குழந்தையின் முழங்கை.

சிறு குழந்தையின் முழங்கை மூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. ஏறக்குறைய ஒரு வயதில் தொடங்கிப் பதினொரு வயதுவாக்கில் முடியுமாறு, ஆறு இடங்களில் எலும்புப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அந்த வரிசையில் மூட்டின் உட்புறத்து முண்டு மூன்றாவது. மூட்டின் நடுவே இருக்கும் ட்ரோக்லியா நான்காவது. கீழே விழுந்த ஒரு குழந்தையின் படத்தில் ட்ரோக்லியாவின் இடத்தில் ஒரு சிறு எலும்புத் துண்டு தெரிகிறது, மூன்றாவதாக வந்திருக்க வேண்டிய உட்புற முண்டையோ காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத கண் அதை வளர்ச்சியின் இயல்பான புள்ளி என்று கடந்துபோகும். வரிசையை மனத்தில் வைத்திருப்பவருக்கோ, நான்காவது வந்திருக்கும்போது மூன்றாவது எப்படி இல்லாமல் போகும் என்ற கேள்வி உடனே எழும். அந்த முண்டுதான் பிய்ந்து மூட்டுக்குள் சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை செய்துதான் அதை எடுத்துப் பொருத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு உதவியது ஒரு வரிசையை அறிந்திருந்த கண். எக்ஸ்ரே இயந்திரம் எத்தனை புதியது என்பதால் அங்கே ஒரு வித்தியாசமும் வந்திருக்காது.

கேள்வி: இடுப்புவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். "டிஸ்க் பல்ஜ்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து குனியவே பயமாக இருக்கிறது.

பதில்: முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம், அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு சற்றுப் பிதுங்கியிருப்பது, இருந்தது. தலைமுடி நரைப்பதைப் போன்ற மாற்றம் இது. எங்கள் அறிக்கை கண்ணில் பட்டதையெல்லாம் பதிவு செய்கிறது. அவற்றில் எது உங்கள் வலிக்குக் காரணம் என்பதை, காலைத் தூக்கச் சொல்லியும் உணர்ச்சி, பலம் ஆகியவற்றைச் சோதித்தும் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் ஆகியவை இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: ஒரே சி.டி. படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு அறிக்கை தந்திருக்கிறார்கள். அப்படியானால் ஒருவர் கவனக்குறைவானவர் என்றுதானே பொருள்?

பதில்: அப்படித் தீர்ப்பளிக்கத் தயங்குகிறேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சி.டி. படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு 24 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் கொடுத்தார்கள். கடைசிப் படவரிசைக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை வைத்திருந்தார்கள்; அது சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. இருபது பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அதன் மீதே பட்டுச் சென்றதைக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி காட்டியது. கட்டியைத் தேடும் கண் கட்டியைத்தான் பார்க்கும். (அந்த இருபது பேரில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.)

ஆகவே பரிந்துரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம். "வயிற்று சி.டி." என்று மட்டும் எழுதி வருவதற்கும், "மூன்று நாளாக வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், முன்பு குடலிறக்க அறுவை நடந்திருக்கிறது" என்று எழுதி வருவதற்கும் நான் படிக்கும் முறையிலேயே மாற்றம் உண்டு. இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால், அந்த உறுப்பில் தனிப் பயிற்சி பெற்ற ஒருவரிடம், முந்தைய இரண்டையும் மறைக்காமல் கொடுத்து, மூன்றாவது கருத்தைக் கேளுங்கள்.

கேள்வி: சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு ஆபத்தா?

பதில்: இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) நம்மீது படுகிறது. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் ஏறத்தாழ 0.1, வயிற்று சி.டி.யில் 8 முதல் 10 வரை. தேவையிருந்தால் தயங்காமல் எடுக்கலாம். "எதற்கும் ஒன்று எடுத்துவைப்போம்" என்பதற்காக எடுக்கக் கூடாது. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இத்தகைய கதிர்வீச்சு கிடையாது.

கேள்வி: ரேடியாலஜிஸ்ட்டுகள் சிகிச்சையும் அளிப்பார்களா?

பதில்: அதற்கென்றே இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்ற பிரிவு இருக்கிறது. ஊசி வழியே இரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, அக்கம்பியின் மேல் குழாயைச் செலுத்தும் முறையை ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் 1953இல் வெளியிட்டார். 1964இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர், காலை வெட்டியெடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட 82 வயதுப் பெண்மணி ஒருவரின் அடைபட்ட தமனியை இவ்வழியே விரித்துக் காலைக் காப்பாற்றினார். பக்கவாதத்தில் மூளைத் தமனியிலிருந்து இரத்தக்கட்டியை இழுத்தெடுப்பது, ஈரல் கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைப்பது, சீழை வடிப்பது எல்லாம் இன்று இதே வழியில்தான் நடக்கின்றன.

கேள்வி: ஸ்கேன் எடுக்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பதில்: பழைய படங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது; ஃபிலிமைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுவருவதும் உதவாது. குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ உள்ள மூலப் படங்களைக் கொண்டுவாருங்கள். நுரையீரலில் ஆறு மில்லிமீட்டர் புள்ளி ஒன்று இருக்கிறதென்றால், அது போன மாதம் முளைத்ததா, மூன்று ஆண்டுகளாக அசையாமல் இருக்கிறதா என்பதை இன்றைய படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் என்னால் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுக்கு முந்தைய படம் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன்.