வாராவாரம் தொட்டியைக் கழுவியும் மீன் சாவது ஏன்?

கேள்வி: இரண்டடி கண்ணாடித் தொட்டியில் நாலு கோல்டு ஃபிஷ், இரண்டு மோலி வளர்க்கிறோம். ஞாயிறுதோறும் தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, கல், ஃபில்டர் ஸ்பான்ஜ் எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவுகிறோம். அப்படியும் செவ்வாய், புதன் வாக்கில் ஒரு மீன் செத்து மிதக்கிறது. உடம்பில் புண்ணோ வெள்ளைப் புள்ளியோ இல்லை. கடையில் கொடுத்த நீல மருந்தும் பலிக்கவில்லை. ஊற்றுவது போர் தண்ணீர்தான். என்ன காரணமாக இருக்கும்?

பதில்: பெரும்பாலும் இது நோய் இல்லை, அம்மோனியா. மீன் எந்த நாளில், எந்த வரிசையில் சாகிறது என்பதுதான் இதில் முதல் துப்பு. தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லா மீனும் தத்தளித்தால் குளோரினையோ வேறு விஷத்தையோ சந்தேகிக்கலாம். விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் பற்றாக்குறை. கழுவிய இரண்டு, மூன்று நாளில் ஒவ்வொன்றாகப் போவது, சுத்தம் செய்த முறையிலேயே கோளாறு இருப்பதைக் காட்டுகிறது.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா ஓயாமல் வெளியேறுகிறது. கழிவும் மிஞ்சிய தீனியும் அதோடு சேர்கின்றன. ஸ்பான்ஜிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அவற்றை நீங்கள் வாராவாரம் தேய்த்துக் கழுவிச் சாக்கடையில் விடுகிறீர்கள். ஆக, தொட்டி ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுத் தொட்டியாகவே தொடங்குகிறது. நீல மருந்து என்பது மெத்திலீன் ப்ளூ. அது இந்தப் பாக்டீரியாவையும் பாதிக்கும். நோயே இல்லாத தொட்டியில் அதை ஊற்றியது நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

போர் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. அம்மோனியாவின் நச்சு, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பொறுத்தது. தண்ணீர் 28 டிகிரி சூட்டில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதே பி.எச். 8 ஆனால் ஆறேழு பங்கு இருக்கும், ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீரைப் பிடித்த கையோடு பி.எச். பார்க்காதீர்கள். ஒரு டம்ளரில் இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறியபின் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

ஊகத்தை உறுதிசெய்ய, திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்க்கும் வகை அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் வாங்குங்கள். பட்டை வகை அவ்வளவு நம்பகமில்லை. சனிக்கிழமை ஒரு முறை, கழுவிய இரண்டாம் நாள் ஒரு முறை, போர் தண்ணீரை நேரடியாக ஒரு முறை பாருங்கள். மீன் உள்ள தொட்டியில் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். செத்த மீன் கையில் கிடைத்தால் உடனே செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சில மணி நேரம் கழிந்தால் எல்லாச் செவுளும் வெளுத்துவிடும். சாக்லேட் நிறமாக இருந்தால் ரத்தத்தில் நைட்ரைட் ஏறியிருக்கிறது.

இன்றிலிருந்து முழுத் தண்ணீரையும் இறைப்பதை நிறுத்துங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். மீன் பட்டினியால் சாகாது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். அம்மோனியா 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தாண்டினால் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். முந்தின நாளே வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு மக் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும், அழுக்காகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நல்லபடி ஓடும் தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அந்த ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். கடையில் விற்கும் எந்தப் பாக்டீரியா பாட்டிலையும் விட அது மேல்.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அப்போது பாதியில் கைவிட்டு மறுபடி கழுவித் தள்ளுபவர்கள் நிறைய. அந்தக் கட்டத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு உதவும்; அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. இரண்டடிக்கு ஒரு அடி, ஒரு அடி உயரத் தொட்டியில் கல் போக 45 லிட்டர் நிற்கும் என்று வைத்தால் 45 கிராம். தனியாகக் கரைத்து மூன்று தவணையாக ஊற்றுங்கள். உங்கள் கோல்டு ஃபிஷ்ஷும் மோலியும் இதைத் தாங்கும். செடி இருந்தால் வாடலாம்.

அந்த 45 லிட்டருக்கு நாலு கோல்டு ஃபிஷ் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். குட்டியாக வாங்குவதால் தெரியவில்லை. மற்ற சிறு மீன்களை விட அவை மிக அதிகமாகக் கழிவு போடும். பெரிய தொட்டி வரும்வரை இரண்டை யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது.

பரிசோதனையில் இரண்டுமே பூஜ்யம், ஆனாலும் மீன் சாகிறது என்றால் வீட்டுப் பழக்கங்களைப் பாருங்கள். கொசு விரட்டும் திரவ மெஷின்களில் உள்ள பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். அதே அறையில் ஏர் பம்ப் இருந்தால் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் தள்ளும். மீன்கள் துள்ளி, உடம்பை முறுக்கி, ஒரே இரவில் பல சாவது இதன் அடையாளம். ஸ்ப்ரே அடித்தாலும் இதே கதிதான். அடுக்ககத்தில் சம்ப் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரம் எது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் மாற்ற நேர்ந்தால் ஆன்டி குளோரினை, பாக்கெட்டில் சொன்ன அளவில், வாளியிலேயே கலந்துவிட வேண்டும். தொட்டியைச் சோப்புப் போட்ட நாரால் துடைத்திருந்தால் அந்த நாரை மாற்றுங்கள்.

புது மீனைச் சேர்ப்பது, வழக்கமான தீனி போட்டும் ஒரு வாரம் தொடர்ந்து இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே, அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.