தமிழ் வழியாக ஜெர்மன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். படிவம் நான்கு (பத்தாம் வகுப்பு) மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி ஓராண்டு அங்குள்ள பள்ளியில் படிக்கத் தேர்வாகியிருக்கிறேன். புறப்பட நான்கு மாதங்கள் உள்ளன. கைப்பேசிச் செயலியில் ஆங்கிலத்தின் துணையோடு ஜெர்மன் படிக்கிறேன். ஒரு வாக்கியம்கூடச் சரியாக அமையவில்லை. எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம்தான். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த என்னால் நான்காவதாக ஒரு மொழியைக் கற்று, அதிலேயே வரலாறும் உயிரியலும் படிக்க முடியுமா? அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், சமாளித்துவிடலாம் என்கிறார் அண்ணன். நீங்களும் மாணவராக அங்கு போயிருந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

"தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த என்னால்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஜெர்மன் இலக்கணத்தைப் பொறுத்தவரை அது குறையன்று, கையிருப்பு. ஆங்கிலத்தின் வாசல் வழியாக அந்த மொழிக்குள் நுழையப் பார்ப்பதுதான் உங்கள் தடுமாற்றத்துக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "டென் ஹுண்ட் பைஸ்ட் டேர் மன்." ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் சொற்களின் வரிசையைப் பார்த்து, நாய் மனிதனைக் கடிக்கிறது என்று பொருள் கொள்வார். உண்மையில் இதன் பொருள், நாயை மனிதன் கடிக்கிறான் என்பது. "நாயை" என்று முதலில் வந்தாலும் கடிபடுவது நாய்தான் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது. நாம் உருபைப் பெயரின் வாலில் ஒட்டுகிறோம், ஜெர்மானியர்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லை மாற்றுகிறார்கள்: நாய் என்பது "டேர் ஹுண்ட்", நாயை என்பது "டென் ஹுண்ட்", நாய்க்கு என்பது "டேம் ஹுண்ட்". அவர்களுடைய வேற்றுமைகள் நான்குதான். எட்டு வேற்றுமைகளை மனப்பாடமாக ஒப்பித்த உங்களுக்கு இதில் அஞ்ச ஒன்றுமில்லை.

வினைச்சொல்லும் அப்படியே. தனி வாக்கியத்தில் அது இரண்டாம் இடத்தில் நிற்கும். ஆனால் காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் கடைசிக்குப் போய்விடும். "வைல் இஹ் கிராங்க் பின்" என்பதில் "வைல்" என்ற காரணச் சொல்லை நீக்கிவிட்டுப் பார்த்தால், "நான், நோயாளியாக, இருக்கிறேன்" என்று நம் வரிசையே எஞ்சும். என்னோடு வந்திருந்த பிற நாட்டு மாணவர்கள், வினைச்சொல் வருவதற்குள் வாக்கியத்தின் தொடக்கமே மறந்துபோகிறது என்று முறையிடுவார்கள். வாக்கியத்தின் முடிவில் வினைக்காகக் காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் பிறவிப் பழக்கம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. இதற்கெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை, ஒவ்வொரு சொல்லையும் அதன் "டேர், டீ, டாஸ்" என்ற முன்சொல்லோடு சேர்த்தே நெட்டுருப் போட வேண்டும். சிறுமியைக் குறிக்கும் சொல் பெண்பாலாக இல்லையே என்று சிலர் சிரிப்பார்கள். "குழந்தை அழுகிறது" என்று அஃறிணை முடிவு கொடுக்கும் நமக்கு அதில் சிரிக்க உரிமையில்லை.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இலக்கணமன்று, "நீ" என்ற சொல். ஜெர்மனிலும் நீ, நீங்கள் என்ற இரண்டும் உண்டு: "டூ", "ஸீ". ஆசிரியரை "ஸீ" என்றுதான் அழைக்க வேண்டும், அதில் சிக்கலில்லை. ஆனால் தங்கியிருக்கும் வீட்டில், என் அம்மாவைவிட மூத்த ஓர் அம்மையாரைப் பெயர் சொல்லி, "டூ" என்று அழைக்க வேண்டியிருந்தது. தோட்டத்தின் லயத்து (வரிசை) வீட்டில் பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக்கூட முறை வைத்தே அழைத்து வளர்ந்த எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு மாதம் முன்னிலைச் சொல்லே வராதபடி வாக்கியம் அமைத்தேன். கணவன் பெயரைச் சொல்லாமல் காலம் தள்ளிய நம் பாட்டிமார்களின் திறமை எனக்கும் வந்திருந்தது. கடைசியில் அந்த அம்மையாரே, "நான் உனக்கு அந்நியமா?" என்று கேட்டுவிட்டார். அங்கே "ஸீ" வயதுக்குரிய மரியாதை மட்டுமன்று, தொலைவின் அடையாளமும்கூட. வீட்டுக்குள் அதைப் பயன்படுத்தினால் ஒதுங்கி நிற்பதாகவே கொள்வார்கள். நீங்கள் போன முதல் வாரமே "டூ" சொல்லிவிடுங்கள்.

வகுப்பறையிலும் இதே போன்ற ஒரு முரண் காத்திருக்கிறது. நம் பள்ளிகளில் அமைதியாக இருக்கும் மாணவர் நல்ல மாணவர். அங்கே கை உயர்த்திப் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு, பேசாதவர் படிக்காதவராகவே கணக்கிடப்படுவார். மதிப்பெண்ணில் 1 தான் உச்சம், 6 கடைசி; வீட்டுக்கு எழுதும்போது அம்மாவுக்கு இதை விளக்கிவிடுங்கள். கணிதத்தில் சீக்கிரம் கால் ஊன்றலாம், ஆனால் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியும், வகுத்தல் குறியாக முக்காற்புள்ளியும் (:) இருப்பதைக் கண்டு முதல் நாள் திகைக்காதீர்கள். வரலாறும் உயிரியலும் முதல் மூன்று மாதம் காதில் விழும், மண்டையில் ஏறாது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போய், மலாய்மொழிப் பாடங்களுக்கு நடுவே வாயடைத்து உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! புரியாத மொழியில் பாடம் கேட்டு உட்கார்ந்து, மெல்ல மெல்லப் புரிந்துகொள்வது உங்கள் தோட்டத்துக்குப் புதிய அனுபவமன்று.

அண்ணன் சொல்வது உண்மைதான், ஆங்கிலம் வைத்துச் சமாளிக்கலாம், ஆபத்தும் அதுவே. நீங்கள் ஒரு சொல்லுக்குத் தடுமாறியவுடன் வகுப்புத் தோழர்கள் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்த இரக்கத்தை ஏற்றுக்கொண்டால் ஓராண்டு முடியும்போது உங்கள் ஆங்கிலம் தேறியிருக்கும், ஜெர்மன் இப்போதிருக்கும் இடத்திலேயே இருக்கும். ஆங்கிலம் தடுமாறுவது இந்த ஓர் இடத்தில் உங்களுக்கு நன்மை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அந்த வீட்டின் ஆறு வயதுச் சிறுவன். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, பொறுமையும் கிடையாது. தவறான முன்சொல்லைச் சொன்னால் உடனே திருத்துவான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். பத்தாண்டுக்குப் பின் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. நீங்கள் போகும் வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் அதன் பக்கத்தில் இடம் பிடியுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அங்கே படிக்கும் ஆண்டு, படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஈடாகாது, திரும்பி வந்து தோழிகளுக்கு ஓராண்டு பின்னால் உட்கார வேண்டியிருக்கும். இதை வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னிடம் நான் அங்கே பயன்படுத்திய ஜெர்மன்–ஆங்கில அகராதி இருக்கிறது. தமிழில் எளிதாகப் புரிந்த சொற்களுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுதி வைத்திருக்கிறேன். நானும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அண்ணனோடு வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.