கதிர்வீச்சுக்குப் பிறகு வாய் வறண்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்

வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். பர்மாவில் தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை இருக்கிறது. இத்தனை கேள்விகள் வந்ததில் வியப்பில்லை.

கே: அப்பாவுக்குத் தொண்டையில் கதிர்வீச்சு முடிந்து நான்கு மாதம் ஆகிறது. தண்ணீர் பாட்டிலும் கையுமாகவே இருக்கிறார். ஆனாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்கிறார். எப்போது சரியாகும்? (ரங்கூன்)

ப: நல்ல நிலையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கும். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. கழுத்துக்குக் கதிர் போகும் பாதையிலேயே இவையும் இருப்பதால், முதல் வாரத்திலேயே எச்சில் குறைந்து பசை மாதிரி ஆகிவிடும். எவ்வளவு திரும்பி வரும் என்பது சுரப்பி வாங்கிய அளவைப் பொறுத்தது. கட்டிக்கு 60 முதல் 70 கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) வரை கொடுப்பது வழக்கம். காதுமுன் சுரப்பி சராசரியாக 26 கிரேக்குள் தப்பியிருந்தால் ஓரளவு மீளும். அப்படி மீள ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம் என்பதால் நான்கு மாதத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் முழு அளவு வாங்கியிருந்தால் வறட்சி பெரும்பாலும் நிலைத்துவிடும்; இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கணினியில் திட்டம் போட்டுக் கதிர் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு கோப்பில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் வாயை நனைக்கும், அவ்வளவுதான். அமிலத்தைத் தணிப்பதும் பல்லுக்குத் தாதுச் சத்தைத் திருப்பித் தருவதும் எச்சிலின் வேலை. அதனால் மடமடவென்று குடிக்காமல், அடிக்கடி ஒரு வாய் நனைத்துக்கொண்டால் போதும். வீட்டுக் கொப்பளிப்பு ஒன்றும் உண்டு: ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. தினமும் புதிதாகக் கலக்குங்கள். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும்.

கே: கதிர்வீச்சு எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஈறு ஓரத்தில் பற்கள் பழுப்பாகி ஒவ்வொன்றாக உடைகின்றன. இங்கே பல் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். (மோல்மேன்)

ப: அவசரப்பட்டுப் பிடுங்க விடாதீர்கள். கதிர் பட்ட தாடை எலும்பில், முக்கியமாகக் கீழ்த்தாடையில், இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் எடுத்த குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்து, செத்துப்போகவும் கூடும். இந்த ஆபத்துக்குக் காலக்கெடு கிடையாது. பத்து வருடம் கழித்தும் வரலாம். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லிவிடுங்கள். பல நேரம் வேர் சிகிச்சை செய்து, மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், உங்கள் கதிர்வீச்சு விவரத்தைப் பார்த்த வாய் அறுவை மருத்துவர்தான் செய்ய வேண்டும். உண்மையில் காப்பாற்ற முடியாத பற்களைக் கதிர்வீச்சு தொடங்க இரண்டு வாரமாவது இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். பல் மருத்துவர் முகத்தையே பார்க்காமல் நோயாளிகளைக் கதிர்வீச்சுக்கு அனுப்புவது எனக்குத் தீராத எரிச்சல்.

மிச்சப் பற்களுக்கு ஃபுளோரைடுதான் காவல். 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5000 பங்கு ஃபுளோரைடு) பற்பசை கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் 1450 பிபிஎம் உள்ள சாதாரணப் பற்பசை. துலக்கியதும் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். அப்புறம் அந்த டீக்கடை விஷயம். டப்பாப் பால் ஊற்றிய டீயை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே பேசுவது நம் ஊர் இன்பம், தெரியும். எச்சில் இல்லாத வாயில் அந்தச் சர்க்கரையைக் கழுவ ஆளில்லை. குடிப்பதானால் சீக்கிரம் குடித்து முடித்து, வாயைத் தண்ணீரால் அலசுங்கள்.

கே: வெற்றிலை போட்டால் வாய் ஈரமாகிறது. புகையிலை இல்லாமல் போடலாமா? (பெகு)

ப: கூடாது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாய்ச் சதையை இறுக்கும், கதிர்வீச்சும் இறுக்கும். இரண்டும் சேர்ந்தால் வாய் திறக்காது. மெல்லத்தான் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள்.

கே: அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. (ரங்கூன்)

ப: குழம்பில் நன்றாகக் குழைத்த சோறு, கஞ்சி, அவித்த முட்டை மசித்தது, மோர். மொகிங்கா (மீன் சாற்றில் போட்ட அரிசி நூடுல்ஸ்) இதற்கென்றே செய்தது போல இருக்கும்; மீன் சாறும் கடலை மாவும் சேர்வதால் புரதமும் கிடைக்கும். மிளகாய்த் தூளையும் எலுமிச்சையையும் மட்டும் விட்டுவிடுங்கள். எடையை வாரம் ஒருமுறை பாருங்கள், குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே: எச்சில் சுரக்க மாத்திரை இருக்கிறதாமே?

ப: பைலோகார்பின். வழக்கமாக 5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. சுரப்பியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால்தான் பலன் தரும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். திஞ்ஞான் (ஏப்ரல் மாதப் பர்மியப் புத்தாண்டு) வெயிலில் ஆரம்பிப்பதற்கு ஏற்ற மருந்து அல்ல! கட்டுப்படாத ஆஸ்துமா, குறுங்கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் எடுக்கவே கூடாது. இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கே: இரவில்தான் மோசம். காலையில் நாக்கு எரிகிறது, வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

ப: எரிச்சலும் வெள்ளைப் படிவும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எச்சில் குறைந்த வாயில் இது சகஜம். மருத்துவரிடம் காட்டினால் நிஸ்டாடின் போன்ற மருந்து தருவார். பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி, ஊறவைத்துவிட்டுப் படுங்கள். அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சை திரும்ப வரும். காற்றை ஈரமாக்கும் கருவி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதற்குப் பணம் போட வேண்டாம். மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். தலைமாட்டில் தண்ணீரும், உதட்டுக்குத் தடவ ஏதாவது களிம்பும் இருக்கட்டும்.