திருத்திய பதிப்பு எங்கே?

அன்புள்ள ஐயா,

எம்.காம். முடித்துவிட்டு அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவர்களுக்குத் தமிழில் நூல்கள் வெளியிட ஆசை. கைடு போட்டால்தான் காசு என்கிறார் அப்பா. செல்போன் வந்தபிறகு புத்தகமே ஓடாது என்கிறார் நண்பர். கல்விப் பதிப்புத் துறையில் இனி வாய்ப்பு உண்டா?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள தம்பி,

செல்போன் பயத்தை விடுங்கள். கைடு எப்போதும் விற்கும், அதற்கு என் யோசனை எதற்கு? கல்லூரி மாணவர் என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில்.

1970இல் தொடங்கிய தமிழ்நாடு பாடநூல் கழகம் பள்ளிக்கு மட்டுமல்லாமல் கல்லூரிக்கும் தமிழில் நூல்கள் போட்டது. நான் பொருளியல் படித்தது அவற்றில்தான். எங்கள் பேராசிரியர் தன் பிரதியின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்: இந்தக் கணக்கு பழசு, இந்த உதாரணம் பையன்களுக்குப் புரியவில்லை, இந்தப் படத்தில் விலையும் அளவும் இடம் மாறியிருக்கின்றன. வருஷக்கணக்காக வகுப்பில் நின்றவருக்கு மட்டுமே தெரிகிற திருத்தங்கள். ஒருவர்கூட அவரிடம் வந்து கேட்கவில்லை. அப்படியே ஓய்வுபெற்றுப் போனார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூல் 1858இல் வந்தது. 1861இல் பெரியம்மையில் அவர் இறந்தபோது வயது 34. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்த நூலைப் படிக்கிறார்கள் என்றால், அடுத்தடுத்து வந்தவர்கள் அதைத் திருத்திக்கொண்டே இருந்ததால்தான். கிட்டத்தட்ட அதே காலத்தில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1873இல் அவர் ஊர் திரும்பினார். தமிழ்வழி வகுப்பு நிலைக்கவில்லை. இன்று அந்த நூல்களைத் தேடுகிறவர்கள் ஆய்வாளர்கள்தான். வகுப்பே இல்லாத நூலை யார் திருத்துவார்கள்?

நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அரசுக் கலைக் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகள் நடக்கின்றன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் இருப்பதோ மங்கிப்போன ஜெராக்ஸ். அட்டையை மாற்றி, வருஷத்தை மாற்றி, 'புதிய பதிப்பு' என்று போடுகிற பதிப்பாளர்கள்மேல் எனக்குத் துளியும் மரியாதை இல்லை. நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இந்தத் தொழிலுக்கே வராதீர்கள். மாணவனுக்குச் செய்கிற துரோகம் அது.

சரி, கோபம் போதும். அப்பாவின் கைடை நிறுத்த வேண்டாம், அந்தக் காசு வேண்டியிருக்கும். ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். நீங்கள் படித்த வணிகவியலாகவே இருக்கட்டும். அதை நன்றாக நடத்துகிற ஆசிரியரைத் தேடிப் போங்கள். எழுதியதற்கு மட்டுமல்ல, ஒவ்வொரு முறை திருத்தித் தருவதற்கும் பணம் கொடுங்கள். டிஜிட்டல் அச்சில் 300 பிரதி போட்டால் போதும், ஆயிரக்கணக்கில் அடித்துக் குடோனில் அடுக்காதீர்கள். மாணவர்கள் பிழைகளை எழுதி அனுப்ப முதல் பக்கத்திலேயே முகவரி போடுங்கள். ஒரு வருஷம் கழித்து, வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போங்கள். அப்புறம் வருகிற இரண்டாம் பதிப்பை எனக்கு அனுப்புங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.