பெயர் கேட்காத பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனில் ஒரு பாட்டுக் கேட்டால் அடுத்து அதே மாதிரிப் பத்துப் பாட்டு வருகிறது. நீங்கள் சிற்றலையில் (ஷோர்ட் வேவ் றேடியோவில்) உலகத்துப் பாட்டெல்லாம் கேட்டதாக முன்பு எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு நான் எங்கே தொடங்கலாம்?
– கம்பஸ் மாணவி, பாலையூற்று

பதில்: பிள்ளை, 1980களின் நடுவில் மத்திய வீதியில் றேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகினேன். திருத்திய பெட்டியை ஓரிரவு ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் ஆளிடம் கொடுக்கவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரடங்கு இரவுகளில் வேறு போக்கிடமும் இல்லை.

அப்போதுதான் ஜோன் பீலின் குரலைக் கேட்டேன். 1967 முதல் 2004இல் இறக்கும்வரை பி.பி.சி.யின் ரேடியோ 1இல் அறிவிப்பாளராக இருந்தவர். உலக சேவையிலும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. பெரிய கம்பனிகள் திரும்பிப் பார்க்காத குழுக்களின் இசைத்தட்டுகளைத் தேடி எடுத்துப் போடுவார். ஒருநாள் சிம்பாப்வேக் குழு ஒன்று. இரண்டு கிற்றார்கள் பாய் பின்னுவதுபோல ஒன்றுக்குள் ஒன்று போய்வந்தன. பெயரைச் சொல்கிற நேரம் பார்த்து அலை மங்கிவிட்டது. கொப்பியில் ‘சிம்பாப்வே, இரண்டு கிற்றார், பெயர் கேட்கவில்லை’ என்று எழுதிவைத்தேன். அது பண்டு போய்ஸ் என்று தெரியவர இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. அதுவும் இணைய வானொலியொன்றில் வேறொரு அறிவிப்பாளர் அதே பாட்டைப் போட்டபோதுதான். முதல் நாலு தட்டிலேயே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

உங்கள் போன், நீங்கள் ஏற்கெனவே விரும்பியதைப் பார்த்து அடுத்ததை எடுத்துத் தருகிறது. பீலுக்கு என்னைத் தெரியாது. தனக்குப் பிடித்ததைப் போட்டார், அவ்வளவுதான். தேடவே தெரிந்திராத பாட்டு எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆகவே பாட்டைத் தேடாதீர்கள். நல்ல அறிவிப்பாளரைத் தேடுங்கள்.

அமெரிக்காவின் ஜெர்சி சிற்றியில் டபிள்யூ.எஃப்.எம்.யூ. என்ற வானொலி நிலையம் இருக்கிறது; இணையத்தில் கேட்கலாம். 1958இல் தொடங்கியது, விளம்பரம் கிடையாது, நேயர்கள் கொடுக்கும் பணத்தில் நடக்கிறது. என்ன போடவேண்டும் என்று அறிவிப்பாளருக்கு மேலிருந்து யாரும் சொல்வதில்லை. அங்கே கோடைகாலத்தில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடிய ஐந்தரை. டச்சுக்குடாப் பக்கம் வெளிச்சம் வரமுன் நான் கேட்பது அதைத்தான். லண்டனில் 2011இல் தொடங்கிய என்.டி.எஸ். இன்னொன்று. பெத்லகேமில் 2020இல், வீடடங்கிக் கிடந்த காலத்தில் பிறந்த ரேடியோ அல்ஹாராவையும் விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டிலும் பழைய நிகழ்ச்சிகளும் போட்ட பாட்டுகளின் பட்டியலும் கிடைக்கும். என்னைப்போல் பெயருக்காக இருபது வருடம் காத்திருக்கத் தேவையில்லை. 128 கிலோபிற் ஒலிபரப்புக்கு மணிக்கு 58 எம்.பி. அளவில்தான் டேட்டா போகும்.

ஒரே அறிவிப்பாளரை நாலு வாரம் கேளுங்கள். பிடிக்காத பாட்டு வந்தாலும் மாற்றாதீர்கள். கொப்பி ஒன்று வைத்திருங்கள்.

கேள்வி: வாப்பாவின் பழைய சிற்றலை றேடியோ வீட்டில் இருக்கிறது. போட்டால் இரைச்சல் மட்டுமே. எறிந்துவிடலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: எறியவேண்டாம் தம்பி. முதலில் பற்றரியில் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாதி இரைச்சல் அவற்றிலிருந்துதான் வருகிறது. பத்து மீற்றர் வயரை முற்றத்து மரத்துக்கு இழுத்து, மறுமுனையை அன்ரனாவில் சுற்றுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், நம் ஊர் உப்புக்காற்று உள்ளே துரு வைத்திருக்கும். மின்தொடுப்புகளைச் சுத்தம் செய்யும் கொன்ராக்ட் கிளீனர் ஒருதரம் அடித்தால் போதும்.

49, 31 மீற்றர் என்று குறித்த அலைவரிசைகளைப் பொழுதுபட்ட பிறகு தேடுங்கள். பகலில் வானத்தின் கீழ்ப்படை அந்த அலைகளை உறிஞ்சிவிடும். இருட்டியதும் அந்தப் படை கரைந்துபோக, மேலேயுள்ள அயனிப்படை அலையைத் திருப்பி அனுப்பும். அப்போதுதான் தூரத்து நாடு கேட்கும்.

முன்புபோல் அத்தனை நிலையங்கள் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஜேர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டொச்ச வெல்ல, நம் திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்து இந்த ஊரிலிருந்தே உலகத்துக்கு ஒலிபரப்பியது. 2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. சிற்றலையை விட்டுப்போன பெரிய நிலையங்கள் பல. அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மிஞ்சியிருப்பதைக் கேட்க வாப்பாவின் பெட்டி போதும்.

கேள்வி: நீங்கள் சொன்ன கொங்கோ குழுவை வீட்டில் போட்டேன். அம்மா சங்கீத ரீச்சர். ‘இது சத்தம், சங்கீதமில்லை’ என்று நிறுத்திவிட்டார். என்ன சொல்வது?
– வாசகி, உவர்மலை

பதில்: கொனோனோ நம்பர் 1தானே? அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. லிக்கெம்பே என்பது பெருவிரலால் தட்டும் இரும்பு நாக்குகள் கொண்ட சிறிய வாத்தியம். கின்ஷாசா வீதி இரைச்சலில் அது கேட்காது. குழுவைத் தொடங்கிய மவாங்கு மிங்கிடி, பழைய வாகன உதிரிப்பாகங்களின் காந்தத்தை எடுத்து ஒலிவாங்கி செய்தார். அதனால் வந்த கரகரப்பைப் பிறகு அவர்கள் விலக்கவில்லை; அதுவே அவர்களின் நாதமாகிவிட்டது. நம் கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியில் வரும் நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

ஆனால் அம்மாவோடு வாதாட வேண்டாம். எத்தியோப்பியாவில் டிசிட்டா என்றொரு சுரவரிசை உண்டு. அதன் ஒரு வடிவத்தில் வருபவை நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள். கமகம் வேறு, நடை வேறு. அந்த வடிவத்தில் அமைந்த பாட்டு ஒன்றை எடுத்து, போனில் இல்லாமல் நல்ல ஸ்பீக்கரில், பின்னேரத் தேநீர் நேரத்தில் போடுங்கள். நாட்டின் பெயரை முதலில் சொல்லாதீர்கள். ‘இது என்ன ராகம் அம்மா?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.