எந்த ‘நான்’ உண்மை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் ஒருவன், வீட்டில் இன்னொருவன், இன்ஸ்டாகிராமில் மூன்றாவது ஆள் என்று இருக்கிறேன். இதில் எது உண்மையான நான்? பழைய போட்டோக்களைப் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது. இந்தக் காலத்து மனிதனுக்கு ‘நான்’ என்று ஒன்று உண்டா?

கே.

அன்புள்ள கே,

உள்ளே தேடினால் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் தேடிப் பார்த்தார். சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வுதான் தட்டுப்படுகிறது, உணர்கிற ஆள் மட்டும் அகப்படவே இல்லை என்று 1739இல் வந்த தன் நூலில் எழுதினார்.

எனக்கு அவருக்கு முந்தைய தத்துவ அறிஞர் ஜான் லாக் கேட்ட விதம் பிடிக்கும். ஓர் இளவரசனின் ஆன்மா தன் நினைவுகளோடு செருப்பு தைக்கும் ஒருவரின் உடம்புக்குள் புகுந்தால் அது யார்? ஊரார் கண்ணுக்கு அதே பழைய ஆள்தான், ஆனாலும் இளவரசன் செய்தவற்றுக்குத்தான் அவர் பொறுப்பு என்கிறார் லாக். நினைவு போகிற தூரம்வரை நான். செய்த காரியத்துக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை.

இதை 1785இல் இன்னொரு தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் அழகாக மடக்கினார். தோட்டத்தில் பழம் திருடி அடி வாங்கிய ஒரு சிறுவன் வளர்ந்து படை அதிகாரியாகி எதிரியின் கொடியைப் பிடிக்கிறான், வயதானபின் தளபதியாகிறான். அதிகாரிக்குச் சின்ன வயதில் வாங்கிய அடி ஞாபகம் இருக்கிறது. தளபதிக்குக் கொடி ஞாபகம் இருக்கிறது, அடி சுத்தமாக மறந்துபோச்சு. லாக் கணக்கில் தளபதிதான் அந்த அதிகாரி, அதிகாரிதான் அந்தச் சிறுவன், ஆனால் தளபதி அந்தச் சிறுவன் இல்லை! எப்படி?

நினைவு மட்டும் போதாது என்பதில் நான் ரீட் கட்சி. ஆனால் மாறாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று அவர் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மறதி நோய் வந்த அம்மா பெற்ற மகளையே ‘நீ யாரும்மா?’ என்று கேட்கிறாள். அம்மா பக்கத்து வீட்டில் வாங்கியிருந்த கைமாற்றை மகள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், காபியில் அம்மாவுக்குப் பிடித்த அளவுக்குச் சர்க்கரை போடுகிறாள். அந்த அம்மாவின் ‘நான்’ பாதிக்குமேல் இப்போது மகளிடம்தான் இருக்கிறது.

அதனால் மூன்று முகம் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் உண்டு. ஓரிடத்தில் கொடுத்த வாக்கை இன்னோரிடத்தில் ‘அது நான் இல்லை’ என்று கைகழுவுகிறீர்களா, அதைப் பாருங்கள். போட்டோவில் இருக்கும் அந்தப் பழைய ஆள் யாரையாவது காயப்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள்தானே?

ஹியூமைப் படித்தால் அந்த நூலுக்கு 1740இல் அவர் சேர்த்த பின்னிணைப்பையும் விடாமல் படியுங்கள். இந்த விஷயத்தில் தன் விளக்கம் தனக்கே திருப்தியாக இல்லை என்று அங்கே மனம் திறந்து சொல்லியிருக்கிறார்.